தானாகச் சேர்ந்த தோள்பட்டை

எலும்பு முறிந்தவர் முதலில் ஏழாம் படிவத்தை நிரப்ப வேண்டும். முறிந்தது வலது கை என்றால் இடது கையால் நிரப்பலாம். இரண்டு கையும் முறிந்திருந்தால் அரசு அதிகாரி ஒருவர் முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம். நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படிவத்துக்கு ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, நூற்றைம்பது பிரதி உருட்டி எடுத்தவன் நான்தான். தென் வட்டார எலும்பு, மூட்டு மற்றும் விளையாட்டு நல வாரியத்தின் கோவில்பட்டிப் பிரிவில் ஏழு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். பெயர் சங்கரபாண்டி. வாரியத்தின் முழுப் பெயரைத் திக்காமல் சொல்லப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இனி வாரியம் என்றே சொல்கிறேன்.

இந்த வாரியம் கோவில்பட்டிக்கு வந்ததற்குக் காரணம் ஹாக்கி. எங்கள் ஊர்ப் பையன்கள் சரளைத் தரையில் ஹாக்கி ஆடி முட்டியையும் தோளையும் உடைத்துக்கொள்கிறார்கள் என்று சென்னையில் யாரோ கண்டுபிடித்தார்கள். எட்டயபுரம் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு பருத்திக் கிட்டங்கிக்கு வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவில் வாரியத் தலைவர் பேசிய பேச்சை நான்தான் பிறகு தட்டச்சு செய்தேன். ஆகவே ஒரு சொல்லும் மாறாமல் நினைவிருக்கிறது.

“இந்தக் கரிசல் சீமையிலே எத்தனை எலும்புகள் முறிந்தாலும் அத்தனையையும் வாரியம் இரு கரம் நீட்டி வரவேற்கிறது. மற்ற ஊர்கள் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு இங்கே முறிவுகள் பெருக வேண்டும். முறிவு இல்லையேல் வாரியம் இல்லை. வாரியம் இல்லையேல் நான் இல்லை!”

கூட்டம் கைதட்டியது. கைதட்டக்கூடிய நிலையில் கை இருந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

மாயகிருஷ்ணன் அண்ணாச்சி எழுபத்தொன்பதில், ஆடி மாசம், எங்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். மதுரையில் ஒரு எலும்பு டாக்டரிடம் ஒன்பது வருஷம் கூடவே நின்று, மாவுக்கட்டுப் போடவும், கழன்ற மூட்டை ஏற்றவும், ஆபரேஷன் நடக்கும்போது தொடையைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கவும் பழகியவர். அந்த டாக்டர் இறந்த பிறகு, வாரியமே நடத்திய இரண்டு வருஷப் படிப்பையும் முடித்து, ‘மருத்துவர் உதவியாளர், எலும்பு மற்றும் விளையாட்டுக் காயம்’ என்று சான்றிதழ் வாங்கியிருந்தார். அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தார். வயது முப்பத்தெட்டு. மனைவி ராதாமணியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். வேலை நிரந்தரமானதும் அவர்களைக் கோவில்பட்டிக்குக் கூட்டிவர வேண்டும், அதுதான் அவர் எண்ணம்.

நிரந்தரமாக ஒரே ஒரு நிபந்தனைதான். நூறு நோயாளிகளுக்கு மருத்துவர் முன்னிலையில் உதவி செய்து, பணிப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே மருத்துவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். லேசான காரியம். டாக்டர் இருந்திருந்தால்.

டாக்டர் பதவி இருந்தது. டாக்டர் அறை இருந்தது. நாற்காலி இருந்தது, நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு இருந்தது, அதைத் திங்கட்கிழமைதோறும் மாற்றினார்கள். டாக்டர் மட்டும் இன்னும் நியமிக்கப்படவில்லை.

எங்கள் நிர்வாக அலுவலர் பூவனநாதன் கடம்பூர்க்காரர். கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரால் ஒரு தும்மல்கூடப் போட முடியாது, அவ்வளவுதான். மாயகிருஷ்ணன் அண்ணாச்சி முதல் நாள் அவர் முன்னால் போய் நின்றார்.

“சார், வேல என்னன்னு சொன்னியன்னா ஆரம்பிச்சிருவேன்.”

“உதவி பண்ணணும்.”

“யாருக்கு சார்?”

“டாக்டருக்கு.”

“டாக்டர் எப்ப வாராரு?”

“பதவிய நிரப்புனதும் வருவாரு.”

“அது வரைக்கும்?”

பூவனநாதன் விதிப்புத்தகத்தைத் திறந்து பதினான்காம் விதியை எழுந்து நின்று வாசித்தார். “உதவியாளர், மருத்துவர் முன்னிலையில் அன்றி, நோயாளியைத் தொடலாகாது.” பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “அது வரைக்கும் தொடாம இருக்கணும். அதுவும் வேலதான் வே. ஒழுங்காச் செய்யணும்.”

மறுநாளே தீப்பெட்டி ஆபீசில் வழுக்கி விழுந்த ஒரு பெண் வந்தாள். மணிக்கட்டு வளைந்து வீங்கியிருந்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “ரெண்டு எலும்பும் போயிருக்கு. இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டா ஆறு வாரத்துல சரியாயிரும்” என்றார். அதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். பிறகு அவளைப் பாளையங்கோட்டைக்குப் போகச் சொன்னோம். பதிவேட்டில் பூவனநாதன் எழுதினார்: ‘மருத்துவர் இல்லாமையால் உதவி தேவைப்படவில்லை.’

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. உள்ளே பெட்டி பெட்டியாக மாவுக்கட்டுத் துணி இருந்தது. வெளியே பெஞ்சில் உடைந்த கையோடும் காலோடும் சனங்கள் இருந்தார்கள். நடுவில் அதைச் செய்யத் தெரிந்த ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, சம்பந்தமே இல்லாத எனக்கு ரத்தம் கொதிக்கும். அவர் டாக்டர் வேண்டும் என்று பதினோரு மனு எழுதினார். பதினொன்றையும் நான் தட்டச்சு செய்தேன். கடைசியாக ஒரு பதில் வந்தது: ‘தங்கள் பிரிவுக்கு மருத்துவர் தேவை என்பதைத் தங்கள் பிரிவின் மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும்.’

ஆனால் வாரியம் எங்களைக் கவனிக்காமல் இல்லை. மாத அறிக்கையில் தவறான சிகிச்சை என்ற இடத்தில் எங்களுக்கு எப்போதும் ‘இல்லை’. நோயாளி புகார், ‘இல்லை’. புகார் சொல்ல வேண்டியவர்கள் அதற்குள் பாளையங்கோட்டை பஸ்ஸில் கயத்தாறு தாண்டியிருப்பார்கள். எண்பதாம் வருஷக் கடைசியில் ‘குறையற்ற பிரிவு’ என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தலைவரே நேரில் வந்து கொடுத்துப் பேசினார். “மற்றப் பிரிவுகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கே தவறுகளும் இருக்கின்றன. கோவில்பட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்!”

கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும் பொறுப்பு அண்ணாச்சிக்குக் கிடைத்தது. சேர்ந்த நாள்முதல் அவர் கையில் எடுத்து வேலை பார்த்த முதல் பொருள் அதுதான்.

எண்பத்தொன்று மே மாதம் ஊரில் ஹாக்கிப் போட்டி. வாரியம் மைதானத்தின் ஓரத்தில் கூடாரம் போட்டு, ‘விளையாட்டுக் காயமா? வாரியம் இருக்கிறது!’ என்று துணி கட்டியிருந்தது. சோபாவில் தலைவர். பக்கத்தில் பூவனநாதன். கூடாரத்தின் ஓரத்தில் பெட்டியோடு மாயகிருஷ்ணன் அண்ணாச்சி. படிவக் கட்டோடு நான்.

மில்லில் வேலை பார்த்த கருத்தப்பாண்டி என்ற பையன் இடது ஓரத்தில் ஆடினான். நல்ல வேகம். பந்தை விரட்டிக்கொண்டு வந்தவன் எதிராளியின் ஹாக்கிக் கட்டை தடுக்கி, கையை ஊன்றியபடியே எங்கள் கூடாரத்துக்கு முன்னால் விழுந்தான். எழுந்தபோது வலது தோள் தொங்கிப் போய், கை ஒரு பக்கமாக விலகி நின்றது.

“அண்ணாச்சி! தோள்பட்ட எறங்கிட்டு அண்ணாச்சி! உயிர் போவுது!”

அண்ணாச்சி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, பூவனநாதனைத் திரும்பிப் பார்த்தார். “சார், சுருக்கா ஏத்திரணும். நேரம் ஆக ஆகச் சதை இறுகிரும். இப்பம்னா ரெண்டு நிமிச வேல. நாளைக்குன்னா மயக்கம் குடுத்துத்தான் ஏத்தணும்.”

“டாக்டர் வரட்டும்.”

“எந்த டாக்டர் சார்?”

“அது எனக்கு எப்பிடிவே தெரியும்?”

தலைவர் சோபாவிலிருந்தே கையமர்த்தினார். “பதற்றம் வேண்டாம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் மருத்துவர் அல்லாததால் என் முன்னிலை விதிப்படி முன்னிலை ஆகாது.” பிறகு கருத்தப்பாண்டியைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: “தம்பி, உன் வலி வாரியத்தின் கவனத்துக்கு வந்துவிட்டது.”

நான் ஏழாம் படிவத்தை நீட்டினேன். அதுதான் என் வேலை. அந்தப் பையன் அதைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாயகிருஷ்ணன் அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்தார். கருத்தப்பாண்டியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மணிக்கட்டில் நாடி பார்த்தார். தோளின் வெளிப்பக்கம் விரலால் தடவி, “தொடுதது தெரியுதாலே?” என்று கேட்டார். தெரிகிறது என்றான். முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக் கையை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அவசரமே இல்லை. பையன் பல்லைக் கடித்தால் நிறுத்துவார், மூச்சு விட்டால் திருப்புவார். “மேட்ச்சுல எத்தன கோல்லே போட்ட?” என்றார். “ஒண்ணு, அண்ணாச்சி... இன்னொண்ணும் போட்டிருப்...” என்று அவன் சொல்லி முடிக்குமுன் ‘டொக்’ என்றது. தோள் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது.

மைதானமே கத்தியது. கருத்தப்பாண்டி எழுந்து கட்டையைத் தேடினான். “ஏலே, மூணு வாரத்துக்குக் கைய அசைக்கக்கூடாது!” என்று அதட்டி, தன் துண்டாலேயே கையைக் கழுத்தோடு தூளி கட்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை குறிப்பாணை வந்தது. ‘பொருள்: இல்லாத மருத்துவரை மீறி நடந்துகொண்டமை. விளக்கம் கோருதல்.’ மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். தோள் கழன்றது உண்மையா, கழன்றிருந்தால் அதை ஏற்றியது குற்றமா என்று அவர்கள் விசாரிக்க வேண்டும். கழன்றதற்கு என்ன ஆதாரம் என்று குழுத் தலைவர் கேட்டார். தோள் இப்போது நன்றாக இருக்கிறதே! ஆகவே ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ‘சம்பந்தப்பட்ட தோள்பட்டையை, குற்றம் நிகழ்வதற்கு முன்பிருந்த அதே நிலையில், குழுவின் முன் ஆஜர்படுத்தவும்.’

கருத்தப்பாண்டி தூளியோடு வந்து நின்று, கடிதத்தை ஒருவரைக்கொண்டு வாசித்துக் கேட்டான்.

“கழட்டிக் காட்டணுமா அய்யா? இப்பம் லூசாத்தான் இருக்கு. ஒரு வெட்டு வெட்டுனா வந்துரும்...”

“ஏலே, கைய ஆட்டாத!” என்று குற்றம் சாட்டப்பட்டவர் இடத்திலிருந்து அண்ணாச்சி அலறினார்.

குழு மூன்று முறை கூடியது. நான்காவது முறை கூடுவதற்குள் பூவனநாதன் அண்ணாச்சியை என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் பயம். சம்பவம் நடந்தபோது அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“நீரு பொய் சொல்லாண்டாம் வே. உண்மையச் சொல்லாம இரும், அது போதும். தோள் தானாச் சேந்துட்டுன்னு எழுதிக் குடுத்திரும். நீரு பக்கத்துல நின்னீரு, அவ்வளவுதான்.”

“நான்தான சார் ஏத்துனேன்? ஊரே பாத்துச்சு.”

“ஊருக்கு விதி பதினாலு தெரியுமா? கேளும். தானாச் சேந்ததுக்கு டாக்டர் முன்னிலை வேண்டாம்லா? உதவியாளர் பக்கத்துல நின்னாரு, சேந்துச்சு. அதையே ஒமக்கு ஒண்ணுன்னு பதிஞ்சிரலாம். இப்பிடியே நூறு ஆச்சுன்னா நீரு நிரந்தரம். நான் விதிய நல்லாப் பாத்துட்டேன், எங்கயும் இடிக்கல.”

அண்ணாச்சியின் பிள்ளைகள் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாறுவதற்காக இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளைச் செருகி அடித்தேன்: ‘கழன்ற தோள்மூட்டு எவருடைய தலையீடுமின்றித் தானாகச் சேர்ந்தது.’ கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஒம்பது வருசம் கஷ்டப்பட்டுப் படிச்சத, தானாச் சேந்துச்சுன்னு எழுதுதேன் தம்பி.”

குழு அதை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடியது. மாதப் படிவத்தில் ‘தானாகச் சேர்ந்தவை’ என்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. கூடத்தின் கடைசியில் பச்சைத் திரை ஒன்றைப் பூவனநாதனே தொங்கவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் தனக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கத்தில் மாயகிருஷ்ணன் அண்ணாச்சி தோளை ஏற்றினார், மணிக்கட்டை இழுத்து நேராக்கினார், முட்டியில் நீர் கோத்தவனுக்கு எப்படிக் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்தால் தொடாமல், “இது ஆபரேசன் கேசு, பாளையங்கோட்டைக்கே போயிருங்க” என்று அவரே அனுப்பிவிடுவார். மற்றவை தானாகச் சேர்ந்தன. மாவுக்கட்டு எப்படித் தானாக வரும் என்று ஒரு தணிக்கைக் கேள்வி வந்தது. ‘நோயாளியின் உறவினர்களது ஆர்வத்தால் போடப்பட்டது’ என்று பதில் அடித்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

செய்தி புதூர் வரைக்கும் போயிற்று. மருத்துவச் செய்தி மட்டும் இல்லை, எச்சரிக்கையும் சேர்ந்தே போயிற்று. அந்த மனுஷன் தொட்டு வைத்தியம் பார்க்கிறார், ஆனால் தொட்டார் என்று சொன்னால் அவர் வேலை போய்விடும், யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. கரிசல் காட்டுச் சனங்களுக்கு ஒருவர்மேல் பிரியம் வந்துவிட்டால் அப்புறம் போலீஸ் வந்து தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

வெள்ளைத்தாய் என்று ஐம்பது வயது அம்மாள், புதூர்ப் பக்கம் வெள்ளாடு மேய்க்கிறவள். வேலி தாண்டிய கிடாயைப் பிடிக்கப் போய் ஓடைக்குள் விழுந்து வலது தோள் கழன்று, அன்றைக்கே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நான் படிவத்தை எடுக்குமுன்பே சொன்னாள்: “யாரும் தொடாண்டாம்யா. நான் சும்மா அந்தப் பச்சத் துணிக்குப் பின்னால கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்.” கால் மணி நேரத்தில் தூளிக் கையோடு வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல காத்து” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டே வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு. அண்ணாச்சி நிரந்தரம் கேட்டு விண்ணப்பம் போட்டார். கோவில்பட்டியில் வீடு பார்ப்பதாக ராதாமணிக்குக் கடிதமும் போட்டார்.

விண்ணப்பம் போன வழியில்தான் வில்லங்கம் வந்தது. வாரியத்தின் இருபத்தாறு பிரிவுகளில், எலும்பு தானாகச் சேர்வது கோவில்பட்டியில் மட்டும்தான் என்பதைச் சென்னை கவனித்துவிட்டது. ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களை அடிக்க எனக்கு இரண்டு வரி தேவைப்பட்டது. வெயில் அளக்க ஒரு கருவி, காற்று அளக்க ஒரு கருவி, கரிசல் மண் அள்ள ஒரு டஜன் கண்ணாடிக் குப்பி, எல்லாம் கொண்டுவந்தார். பச்சைத் திரையைத் தூக்கிப் பார்த்து, அங்கே ஒரு ஜன்னல் இருப்பதைக் குறித்துக்கொண்டார். அங்கே ஒரு மனுஷன் நிற்பதைக் குறிக்கவில்லை.

நோயாளிகளையும் விசாரித்தார். “உங்களை யாராவது தொட்டார்களா?” “இல்லிங்க அய்யா.” “பிறகு எப்படிச் சேர்ந்தது?” “காத்துதான்யா. மேக்கேயிருந்து வார மேகாத்து.” பன்னிரண்டு பேரைக் கேட்டார். பன்னிரண்டு பேரும் காத்து என்றார்கள். கருத்தப்பாண்டி மட்டும் ஒரு படி மேலே போய், “மண்ணு வாசமும் உண்டு சார்” என்றான்.

அண்ணாச்சி அப்போதே நிபுணரிடம் போய், “சார், ஒரு மூட்டு கழன்டா சதை அத இழுத்துப் பிடிச்சிக்கிடும். ஒருத்தர் பக்குவமா ஏத்தாம அதுவா உள்ள போறது ரொம்ப அபூர்வம்” என்று சொல்லிப் பார்த்தார். நிபுணர் அவர் தோளில் தட்டினார். “உதவியாளர்கள் பழைய பாடப்புத்தகத்தையே நம்புவது இயல்பு. விஞ்ஞானம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது.”

நிபுணர் தன் கட்டுரையை டெல்லியில் ஒரு மாநாட்டில் வாசித்துப் பாராட்டு வாங்கினாராம். ‘கரிசல் நிலத்தின் வறண்ட மேல்காற்றும் தன்னிச்சை மூட்டுச் சேர்க்கையும்.’ வாரியம் தீர்மானம் போட்டது. எங்கள் பிரிவுக்கு இனி மருத்துவர் தேவையில்லை. மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவர் உதவியாளரும் தேவையில்லை. மேற்குச் சுவரை இடித்துவிட்டு, நோயாளிகள் காற்று வாங்க ஒரு மேடை கட்ட வேண்டும். நிரந்தரம் கேட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதிலை உறை பிரித்து நான்தான் அவரிடம் கொடுத்தேன். ‘நூற்றுப் பன்னிரண்டு நேர்வுகளிலும் தாங்கள் பக்கத்தில் நின்றதைத் தவிர வேறெதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அப்பணியைக் காவலாளியே செய்யலாம்.’

அவர் மதுரையில் ஒரு புது எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். நல்ல ஆள் வேண்டும் என்றுதான் அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். வாரியத்தில் நாலு வருஷம் என்ன வேலை செய்தீர்கள், எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். வாரியம் எழுதிக் கொடுத்தது: ‘பக்கத்தில் நின்றார்.’

அன்றைக்குத்தான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். என் டைப்ரைட்டர் மேசையில் ஓங்கிக் குத்தினார். “வேலைய விட்டு எடுக்கட்டும் தம்பி. நூத்திப் பன்னெண்டு தடவ விதிய மீறுனான்னு எழுதி எடுக்கட்டும், நான் கும்பிட்டு வாங்கிக்கிடுதேன். அதக் கொண்டுபோய்க் காட்டுனா மதுரையில எனக்கு வேல உண்டு. ஒண்ணுமே செய்யலன்னு எழுதலாமா? நீங்களே சொல்லுங்க, எழுதலாமா?”

மேல்முறையீடு போட்டார். ‘நான் குற்றம் செய்தேன், தயவுசெய்து விசாரிக்கவும்’ என்று ஒரு ஊழியர் கேட்டது வாரிய வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நாள் குறித்து, சாட்சிகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதச் சொன்னார். ‘நான் உங்களுக்குச் செய்த வைத்தியத்தை மறைக்காமல் வந்து சொல்லுங்கள். அதுதான் எனக்குச் செய்யும் உதவி.’

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். அதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவர் வெள்ளைத் தாளில் கையால் எழுதி அனுப்பியிருந்தால் போதும். நான் உதவுகிறேன் பேர்வழி என்று, வாரியத்தின் தலைப்பு அச்சிட்ட தாளில் நூற்றுப் பன்னிரண்டையும் சுத்தமாகத் தட்டச்சு செய்து, பழுப்பு உறையில் போட்டு, மேலே முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டேன். பழுப்பு உறை வந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் என்ன நினைப்பார்கள்? ஜப்தி, சம்மன், இல்லாவிட்டால் பொறி.

விசாரணை நாளில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். புதூரிலிருந்து பஸ்ஸில், நாகலாபுரத்திலிருந்து லாரியில், பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டியில். இடித்த சுவருக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு உட்காரவைத்தோம். கூட்டத்தைப் பார்த்து அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியளா தம்பி? எனக்காக வந்திருக்காவ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் கருத்தப்பாண்டி. குழுத் தலைவர் கேட்டார்: “இவர் உன் தோளைத் தொட்டு ஏற்றினாரா?”

கருத்தப்பாண்டி அண்ணாச்சியைப் பார்த்தான். லேசாகத் தலையை ஆட்டினான். பயப்படாதீங்க என்கிற மாதிரி. “தொடவே இல்ல சார்.”

“ஏலே! உண்மையச் சொல்லு! நான்தான ஏத்துனேன், துண்டக் கூட...”

“அண்ணாச்சி, நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கிடுதேன்.” பிறகு குழுவைப் பார்த்துச் சொன்னான்: “அவியள மெரட்டி இப்பிடிக் காயிதம் எழுத வச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியும் சார். எங்ககிட்ட நடக்காது.”

ஒவ்வொருவராக வந்தார்கள். தொடவில்லை. தொடவில்லை. திரைக்குப் பின்னால் அவர் இருந்ததையே பார்க்கவில்லை என்றார் ஒருவர். நான் எழுந்து, கடிதத்தை அடித்தது நான்தான், பொறி ஒன்றும் இல்லை என்று கத்தினேன். “ஆபீசு ஆளு அப்பிடித்தான் சொல்லுவாரு” என்று கூட்டத்தில் சிரித்தார்கள். அண்ணாச்சி கெஞ்சினார். கும்பிட்டார். கெஞ்சக் கெஞ்ச, அவர்கள் கண்ணில் இரக்கம் கூடிக்கொண்டே போனதே தவிர வேறு பிரயோசனம் இல்லை. இவ்வளவு நல்ல மனுஷனை இந்த ஆபீஸ் எப்படிப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது என்று அவர்களுக்கு ஆத்திரம்.

வெள்ளைத்தாயம்மாள் அநேகமாகக் கடைசி. அண்ணாச்சி அவள் காலருகே உட்கார்ந்துவிட்டார். “ஆத்தா, நீங்களாவது சொல்லுங்க. வலிக்குதுன்னு அழுதியளே, நான் ஆட்டுக்குட்டி கத சொன்னேம்லா? மறந்துட்டியளா?”

அந்த அம்மாள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அழுதபடியே சொன்னாள்: “எனக்கு இந்தத் தம்பிய யாருன்னே தெரியாதுய்யா. காத்துதான் சேத்துச்சு. என் ஆட்டு மேல சத்தியம்.”

மாலை மூன்று மணிக்குத் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘மேற்படி மாயகிருஷ்ணன் பணிக்காலம் முழுவதும் எந்த நோயாளியையும் தொட்டதில்லை என்பது நூற்றுப் பன்னிரண்டு சாட்சிகளால் ஐயமற நிரூபிக்கப்பட்டது. அவர் மீதான, அவரே சுமத்திய, குற்றச்சாட்டு தள்ளுபடி செய்யப்படுகிறது. அவர் இன்று மாலை பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’ குழுத் தலைவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படிக் களங்கமே இல்லாத ஒரு ஊழியரைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார்.

கண்ணாடி போட்ட சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாச்சி வெளியே வந்தபோது, கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ‘தள்ளுபடி’ என்பது அவர்கள் காதில் விழுந்திருந்தது. அது போதும் அவர்களுக்கு. கருத்தப்பாண்டி அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். “ஒருத்தரும் காட்டிக் குடுக்கல அண்ணாச்சி! நூத்திப் பன்னெண்டு பேருல ஒருத்தர் கூட!”

அண்ணாச்சி அவன் பிடியை விலக்கிவிட்டுச் சான்றிதழைச் சரியாக இடுக்கிக்கொண்டார். அவர்களிடம் எப்படிக் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

புதூர் பஸ் புறப்படப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். வெள்ளைத்தாயம்மாள் போகிற அவசரத்திலும் திரும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கி அவரைக் கும்பிட்டாள். அண்ணாச்சி அந்த வலது கையைத்தான் பார்த்தார். எவ்வளவு உயரம் போகிறது, எங்கேயாவது பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடிக்கவில்லை. முழுசாக மேலே போனது.